அரசு டெண்டர் போடுவது எப்படி? தம்பிக்காகப் படித்த குறிப்புகள்

என் சித்தப்பா மகன் சிவில் கான்ட்ராக்டர். பத்து வருஷமாக வீடு, காம்பவுண்டு சுவர் என்று தனியாருக்குக் கட்டிக்கொண்டிருந்தவன், முதல்முறையாக ஒரு அரசுப் பள்ளிக் கட்டடத்துக்கு டெண்டர் போட்டான். டெண்டர் திறந்த அன்றைக்குப் பட்டியலில் அவன் பெயரே இல்லை. "எவனோ உள்ளடி வேலை பாத்துட்டான்ணே" என்று புலம்பினான். கூட உட்கார்ந்து பார்த்தேன். எல்லா ஆவணத்தையும் ஏற்றியிருக்கிறான், கடைசியில் 'ஃப்ரீஸ்' பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. அதை அழுத்தாத வரை டெண்டர் போட்டதாகவே கணக்கில்லை!

அதற்கப்புறம் நான் படித்துச் சேர்த்ததுதான் இந்தக் குறிப்பு. தமிழ்நாட்டு மாநில அரசு வேலைகளுக்கு மட்டும் பொருந்தும்.

அடிப்படை இரண்டு: 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 2000-இல் வந்த அதன் விதிகள். 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு டெண்டர் போடக் குறைந்தது 15 நாள் அவகாசம் தரவேண்டும்; அதற்கு மேல் என்றால் 30 நாள். காரணத்தை எழுதிவைத்து மேலதிகாரி இதைக் குறைக்கலாம். அதனால் அறிவிப்பைப் பார்த்த பிறகு காகிதம் தேட ஆரம்பித்தால் நேரம் போதாது.

முன்னாடியே கையில் இருக்கவேண்டியவை:

1. துறையில் கான்ட்ராக்டர் பதிவு. எந்த வகுப்பில் பதிவோ அந்த வரம்புக்குள்தான் வேலை எடுக்க முடியும்.
2. பான், ஜி.எஸ்.டி. பதிவு.
3. மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பம். இது இல்லாமல் இணையத்தில் டெண்டர் போட முடியாது.
4. முன்வைப்புத் தொகை, அதாவது ஈ.எம்.டி. விதிப்படி வேலை மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

பெரிய வேலை என்றால் இரண்டு கவர். முதல் கவரில் தகுதி: முன்பு செய்த வேலை, வரவுசெலவு, இயந்திரங்கள். இரண்டாவதில் விலை. முதல் கவரில் தேறாதவரின் விலைக் கவரைத் திறக்கவே மாட்டார்கள். விலைப் பட்டியலுக்கு அவர்கள் தருகிற எக்செல் கோப்பில், குறித்த கட்டங்களை மட்டும் நிரப்பணும். கோப்பின் பெயரை மாற்றினால்கூடச் சிக்கல். கடைசி நேரம் என்பது தளத்தின் கடிகாரப்படி, நம் கைக்கடிகாரப்படி அல்ல. ஒரு நாள் முன்னாடியே முடித்துவிடுவது நல்லது.

இனி விலை. தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை கொடுத்தவருக்குத்தான் வேலை. பேரம் பேசுவதும் அவரிடம் மட்டும்தான். இதனால் புதுசா வருபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு குறைத்துப் போடுகிறார்கள். தம்பியும் அடுத்த டெண்டரில், 'எப்படியாவது உள்ளே போயிடணும்' என்று எஸ்டிமேட்டுக்கு 18 சதவீதம் கீழே எழுதி வைத்திருந்தான்.

ஒரு கோடி ரூபாய் வேலைக்கு அது 82 லட்சம். சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தோம். வேலை கிடைத்தவுடன் காப்புத்தொகை கட்டணும். விதிப்படி அதிகபட்சம் 5 சதவீதம், அதாவது 4.1 லட்சம் வரை. எஸ்டிமேட்டுக்கு ரொம்பக் கீழே போட்டவரிடம் கூடுதல் காப்புத்தொகையும் கேட்பார்கள். எவ்வளவு என்பது டெண்டர் ஆவணத்திலேயே இருக்கும். அப்புறம் ஒவ்வொரு பில்லிலும் தனிநபர் என்றால் 1 சதவீதம் வருமான வரிப் பிடித்தம், ஜி.எஸ்.டி. பிடித்தம் 2 சதவீதம், தொழிலாளர் நல நிதி. வரிப் பிடித்தம் பிறகு கணக்கில் சேரும், ஆனால் சனிக்கிழமை கொத்தனாருக்குக் கொடுக்க அது கையில் இருக்காது. பில் தாமதமானால் வட்டிக்குத்தான் போகணும்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிமென்ட், கம்பி, மணல், கூலி என்று ஒவ்வொன்றாக விலை விசாரித்துக் கணக்குப் போட்டான். 6 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நஷ்டம் என்று தெரிந்தது. 6-க்கே போட்டான். கிடைக்கவில்லை. வேறொருவர் அவனைவிடக் குறைத்திருந்தார்.

முடிவில் தப்பு நடந்ததாக நினைத்தால், உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. இவன் விஷயத்தில் அதற்கு வேலை இல்லை. ஈ.எம்.டி. திரும்பி வந்துவிட்டது.

"தோத்துட்டேன்ணே, ஆனா கடன்காரன் ஆகல" என்றான். இப்போது மூன்றாவது டெண்டருக்குத் தயாராகிறான். இந்த முறை ஃப்ரீஸ் பொத்தானை நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன்.