கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி



குன்னூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பக்காசூரன் மலை தெரியும். தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி மூச்சு வாங்க ஏறினால், உச்சியில் இடிந்த கோட்டைச் சுவர் ஒன்று நிற்கும். ஒரு காலத்தில் திப்பு சுல்தானின் படை அங்கே காவல் இருந்தது. அதே திப்பு அனுப்பிய தூதரை, பாரிஸ் நகரத்துப் பெண் ஓவியர் ஒருவர் வரைந்தார்! அவருடைய படங்களுக்குள் அழகான ஒளிப்பாடம் ஒளிந்திருக்கிறது. தேடிப் பார்ப்போமா?

ஓவியரின் பெயர் எலிசபெத் விஜே லெ ப்ரன். 1755-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பாவும் ஓவியர்தான். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதானபோது அவர் இறந்துபோனார். பதின்ம வயதிலேயே அந்தப் பெண் படம் வரைந்து சம்பாதிக்கத் தொடங்கினார். சீமான்களும் சீமாட்டிகளும் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். பிரான்ஸ் அரசி மரீ அந்துவானெத்தையே ஏறக்குறைய முப்பது முறை வரைந்தார்.

அவருடைய பாணி என்ன? மனிதர்கள் விறைப்பாக நிற்க மாட்டார்கள். முகம் மலர்ந்திருக்கும். மகளை அணைத்தபடி தன்னையே வரைந்த ஒரு படத்தில், பல் தெரியச் சிரித்தார். 1787-ல் அதைப் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்களாம். ஓவியத்தில் பல்லைக் காட்டுவது அன்றைக்கு மரியாதைக் குறைவு! நமக்கு வேடிக்கையாக இருக்கிறது, இல்லையா?

இப்போது அறிவியலுக்கு வருவோம்.

1782-ல் வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு தன்னை வரைந்தார். தொப்பியின் நிழல் நெற்றியிலும் கண்ணிலும் விழுகிறது. ஆனால் அந்த நிழல் கறுப்பாக இல்லை. கண் தெளிவாகத் தெரிகிறது. எப்படி?

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்காக்களைப் பாருங்கள். தலையில் போட்ட துணி முகத்துக்கு நிழல் தருகிறது. ஆனாலும் அவர்கள் சிரிப்பது நமக்குத் தெரிகிறது. நேர் வெயில் படாத இடத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வந்தது?

இரண்டு வழி. காற்று சூரிய ஒளியைச் சிதறடிக்கிறது. அதனால் வானம் முழுவதும் நமக்கு விளக்குப் பிடிக்கிறது. அது ஒன்று. வெயில் பட்ட தரை, சுவர், இலை எல்லாம் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அது இரண்டு. சுவரில் அடித்த பந்து திரும்பி வருகிறதே, அதுபோல. காற்றே இல்லாத நிலாவில் பகலிலும் வானம் கறுப்பு. அங்கே நிழலுக்கு வானத்திலிருந்து வெளிச்சம் கிடைக்காது.

புரிந்ததா? சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். நண்பனைத் தொப்பி போட்டு வெயிலில் நிற்கச் சொல்லுங்கள். அவன் மோவாய்க்குக் கீழே ஒரு வெள்ளை நோட்டை விரித்துப் பிடியுங்கள். நிழலில் இருந்த முகம் பளிச்சென்று ஆகும்! நோட்டுக்குப் பதிலாக மஞ்சள் அட்டையைப் பிடித்தால் முகத்தில் மாம்பழ நிறம் லேசாக ஏறும். நிழலுக்கும் நிறம் உண்டு. ஓவியர் இதைப் பார்த்துப் பழகியவர்.

சரி, தூதர் கதை. திப்பு அனுப்பிய மூன்று தூதர்கள் கப்பலேறி, 1788-ல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் முகமது தர்வேஷ் கான். ஓவியர் அவர்களைப் பாரிஸ் இசை அரங்கில் பார்த்தார். உடனே வரைய ஆசை வந்துவிட்டது. பிரான்ஸ் அரசர் கேட்டுக்கொண்டால்தான் சம்மதிப்போம் என்றார்கள் தூதர்கள். அரசரும் கேட்டுக்கொண்டார்!

தங்கப் பூப்போட்ட வெள்ளை மஸ்லின் அங்கியோடு, கையில் வாளோடு தர்வேஷ் கான் நின்றார். ஏழடிக்கு மேல் உயரமான படம் உருவானது. பிறகுதான் வேடிக்கை. தூதர் படத்தைத் தன் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். கேட்டால், அதற்கு இன்னும் ஓர் உயிர் வேண்டும் என்றாராம்! ஓவியரே தம் நினைவுக் குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். கடைசியில் தந்திரம் செய்துதான் படத்தை மீட்டாராம். 2019-ல் அந்தப் படம் நியூயார்க்கில் 70 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

படத்துக்கு உயிர் எங்கிருந்து வரும்? நம் ஊர்ச் சிற்பியைக் கேளுங்கள். சாமி சிலையில் எல்லா வேலையும் முடிந்த பிறகு, கடைசியாகத்தான் கண் திறப்பார். ஓவியர்களும் கண்ணில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி வைப்பார்கள். வைத்தவுடன் முகம் விழித்துக்கொள்ளும்.

அந்தப் புள்ளி என்ன தெரியுமா? ஜன்னல்! கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோலத் தெளிந்த, வளைந்த மூடி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கருவிழிப்படலம். கண்ணீர் அதை எப்போதும் ஈரமாக வைத்திருக்கிறது. எவர்சில்வர் கரண்டியின் முதுகைப் பாருங்கள். அறை முழுவதும் குட்டியாகத் தெரியும். அதேபோல ஜன்னலின் வெளிச்சம் கண்ணில் ஒரு புள்ளியாகச் சுருங்கி மின்னுகிறது. ஜன்னல் எந்தப் பக்கமோ, புள்ளியும் அந்தப் பக்கம்தான். இரண்டு கண்ணிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில்.

நாளைக் காலையில் பாட்டியை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். வர்க்கியும் டீயும் கொடுத்தால் அசையாமல் இருப்பார். பாட்டியின் கண்ணுக்குள் ஜன்னலைக் கண்டுபிடியுங்கள். பிறகு அவர் முகத்தை வரையுங்கள். வெள்ளைப் புள்ளியை மட்டும் கடைசியில் வையுங்கள், என் செல்லங்களே!