பட்டணத்துக் கட்டடங்களைப் படம் பிடிப்போம்

தீபாவளிக்குத் துணிமணி எடுக்கக் குடும்பத்தோடு கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவுக்குப் போகிறோம். பை நிறையச் சாமான்களோடு திரும்புகிறோம். கூடவே நல்ல படம் நாலு கொண்டுவரலாமே! இப்போது எல்லார் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான்.

கடைவீதியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் டத்தாரான் மெர்டேக்கா திடல். 1957 ஆகஸ்டு 31 பிறந்த நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது இங்கேதான். எதிரே நிற்பது 1897இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். அதன் முகப்பு மேற்குப் பார்த்தது. காலையில் போனால் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும், முகப்பு இருண்டுவிடும். மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள். சாய்ந்த வெயில் பட்டுச் செங்கல் சிவக்கும். வளைவுகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். மழை பெய்து ஓய்ந்திருந்தால் இன்னும் நல்லது. தேங்கிய நீரருகே குனிந்து பாருங்கள். மணிக்கூண்டு தலைகீழாக நிற்கும்.

பலர் கட்டடத்தின் காலடியில் நின்று கைத்தொலைபேசியை அண்ணாந்து பிடிக்கிறார்கள். படத்தில் கட்டடம் பின்பக்கம் சாய்வதுபோல் வரும். திடலில் தள்ளி நின்று நேராகப் பிடியுங்கள். 452 மீட்டர் உயரமுள்ள பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்கும் இதே வழிதான். பக்கத்துப் பூங்காவின் மறுகோடிக்குப் போய்விடுங்கள். கட்டடத்தின் அருகே ஓர் ஆளும் படத்தில் இருக்கட்டும். அப்போதுதான் அதன் உயரம் விளங்கும்.

கட்டடம் எங்கே ஓடிவிடப் போகிறது, பிறகு எடுக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். 1895இல் கட்டி முடிந்த புடு சிறைச்சாலையின் நீண்ட சுவர் 2010இல் இடிக்கப்பட்டது. இன்று எஞ்சியிருப்பது அதன் வாசல்தான். அந்தச் சுவரை அன்று படம் எடுத்தவர்களிடம் மட்டும் அது இன்னும் நிற்கிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். எல்லாரும் ஆசையாகப் படம் எடுக்கும் புத்ராஜெயா, ஒரு காலத்தில் பிராங் பெசார் ரப்பர் தோட்டம். 1995இல் அங்கே நகர் அமைக்கும் வேலை தொடங்கியது. பால்மரம் நின்ற மண்ணில் இன்று அரசாங்க அலுவலகங்கள்.

ஆகவே, பட்டணத்தில் பழகிய கையோடு வீடு திரும்பியதும் நம் லயம், கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றையும் இதேபோல் நேராக நின்று, நல்ல வெளிச்சத்தில் எடுங்கள். கடையில் கொடுத்துத் தாளில் அச்சடித்து, பின்புறம் தோட்டத்தின் பெயர், ஆண்டு, படத்தில் இருப்பவர் பெயர் எழுதி வையுங்கள். நாளை பேரப்பிள்ளை, “நாம் எங்கே இருந்தோம் தாத்தா?” என்று கேட்டால், கையில் எடுத்துக் காட்ட ஒன்று இருக்கும்.