கால் லட்சத்தில் ஒரு பறவை

சொந்தமாக டிரோன் செய்வது ஒரு வார வேலை. அதைத் திரும்பத் தரையில் இறக்கக் கற்பதற்குத்தான் மாதங்கள் ஆகின்றன.

பெங்களூர் டவுன் ஹாலுக்கு அருகே இருக்கும் எஸ்.பி. ரோட்டில் கிடைக்காத எலெக்ட்ரானிக் சாமான் இல்லை என்பார்கள். பழைய மதர்போர்டு, சிசிடிவி கேமரா, கிலோ கணக்கில் ஒயர். கொஞ்ச காலமாக இந்த நெரிசலில் வேறு ஒரு ரக வாடிக்கையாளரும் தென்படுகிறார். கையில் ஒரு பட்டியல். 450 மி.மீ. பிரேம் ஒன்று. 2212 ரக மோட்டார் நான்கு. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈஎஸ்சி நான்கு. 10 அங்குல புரொப்பெல்லர் இரண்டு ஜோடி, உடைந்தால் போட இன்னும் நான்கு ஜோடி. ஆட்டோபைலட் போர்டு, ஜிபிஎஸ், ரிமோட், லித்தியம் பாலிமர் பேட்டரி, அதற்கான சார்ஜர். பெயர்பெற்ற கம்பெனிகளின் பொருள்களுக்குப் பதிலாக நகல்களை வாங்கினால் சுமார் ரூ. 25,000-த்தில் முடிந்துவிடும். கேமராவும் முகத்தில் மாட்டிக்கொள்ளும் வீடியோ கண்ணாடியும் வேண்டுமென்றால் மேலும் பத்தாயிரம்.

இந்தப் பொழுதுபோக்கு சந்தேகக் கண்களுக்கு நடுவில் வளர்ந்தது. 2014 அக்டோபரில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், தனியார் யாரும் ஆளில்லா விமானம் பறக்கவிடக்கூடாது என்று ஒரே வரியில் தடுத்தது போல் அறிவித்தது. 2018 டிசம்பரில் கதவு லேசாகத் திறந்தது. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள்தான் பொழுதுபோக்குக்காரர்களை மூச்சு விட வைத்தன. 2 கிலோவுக்கு உட்பட்டதை வியாபார நோக்கமின்றிப் பறக்கவிட பைலட் சான்றிதழ் தேவையில்லை. பதிவு எண் வேண்டும். எஸ்.பி. ரோடு பட்டியலில் பிறக்கும் டிரோன், பேட்டரி சகிதம் ஒன்றரைக் கிலோ சுற்றளவில் நிற்கும் என்பதால் இந்தச் சலுகைக்குள் அடக்கம்.

2022 பிப்ரவரியில் இன்னொரு திருப்பம். முழு டிரோனையோ, பூட்டத் தயாராக வரும் தொகுப்பையோ வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய அரசு தடை போட்டது. பாகங்களுக்குத் தடையில்லை. உள்நாட்டுத் தொழிலை வளர்க்க எடுத்த முடிவு, தெரிந்தோ தெரியாமலோ சால்டரிங் கோலைப் பிடிப்பவர்களுக்கு ஒரு கௌரவத்தையும் தந்துவிட்டது.

பூட்டுவதில் பெரிய வித்தை இல்லை. நான்கு மோட்டார்களில் இரண்டு வலமாகவும் இரண்டு இடமாகவும் சுற்ற வேண்டும். எதிரெதிர் மூலையில் இருப்பவை ஒரே திசையில். ஒரு மோட்டார் தப்பாகச் சுற்றினால் அதன் மூன்று ஒயர்களில் எந்த இரண்டையாவது மாற்றிக் கொடுத்தால் போதும். புரொப்பெல்லரிலும் வலது, இடது உண்டு. இதைக் கவனிக்காதவரின் டிரோன், தரையைவிட்டு எழும் முன்பே குட்டிக்கரணம் போடும். முதல் நாளே நான்கு புரொப்பெல்லர்களும் காலி. இதைவிட மோசமான தவறு, மேஜைமேல் வைத்து மோட்டாரைச் சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்ற மறப்பது. அந்த பிளாஸ்டிக் தகடு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் விரலைப் பார்ப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மூளை ஆட்டோபைலட். பிக்ஸ்ஹாக் என்ற இந்தப் போர்டின் வம்சாவளி, ஸ்விட்சர்லாந்தின் ஈ.டி.எச். ஜூரிச் பல்கலைக்கழகத்தில் 2008-இல் மாணவர்கள் தொடங்கிய ஒரு முயற்சிக்குப் போகிறது. பலரும் அதில் ஏற்றும் ஆர்டுபைலட் மென்பொருள், உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து எழுதியது, இலவசம். போர்டில் இருக்கும் கைரோ, ஆக்ஸிலரோமீட்டர், காற்றழுத்தமானி இவற்றோடு வெளியே பொருத்தும் திசைகாட்டியும் ஜிபிஎஸ்ஸும் சொல்வதைக் கேட்டு, விநாடிக்கு 400 முறை நான்கு மோட்டார்களின் வேகத்தைத் திருத்துகிறது. நான்கு விசிறியில் அந்தரத்தில் நிற்பதை மனிதக் கை தனியாகச் சமாளிக்க முடியாது. அந்தச் சின்னப் பெட்டி இல்லாவிட்டால் இந்தப் பொழுதுபோக்கே கிடையாது.

வம்பும் அங்கேதான் ஆரம்பம். தானே நிற்கும், தானே திரும்பி வரும் என்று கேள்விப்பட்டுத்தான் புதியவர் இதில் இறங்குகிறார். நிற்கும்தான், திசைகாட்டி சரியாக இருந்தால். பேட்டரி ஒயரில் ஓடும் மின்சாரமே ஒரு காந்தப்புலம். அதனால்தான் ஜிபிஎஸ்ஸையும் திசைகாட்டியையும் ஒரு குச்சியின் உச்சியில் தூக்கி வைக்கிறார்கள். அளவீடு பிசகினால் ஓரிடத்தில் நிற்கவேண்டிய டிரோன் வட்டமடிக்கும். வட்டம் பெரிதாகிக்கொண்டே போய் மரத்திலோ மதிலிலோ முடியும். கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் சுழல்வதைப் போல என்று இதற்கு ஆர்வலர்கள் வைத்திருக்கும் பெயர் அவ்வளவு நாகரிகமானதல்ல.

தானே திரும்பும் வசதியில் இன்னொரு கண்ணி. ரிமோட்டின் சிக்னல் அறுந்தால் டிரோன் மேலே எழும்பி, கிளம்பிய இடத்துக்கு நேர்கோட்டில் வந்து இறங்கும். எழும்பும் உயரத்தை நாம் மாற்றாவிட்டால் ஆர்டுபைலட் எடுத்துக்கொள்வது 15 மீட்டர். திறந்த புல்வெளிக்கு அது தாராளம். இந்திய நகரத்தின் ஐந்து மாடிக் கட்டடமோ, நன்கு வளர்ந்த தென்னையோ அந்த உயரத்தைத் தொட்டுவிடும். சிக்னல் போனாலும் காப்பாற்றும் என்று நம்பிய ஏற்பாடே யாரோ ஒருவரின் பால்கனிக்குள் ஒன்றரைக் கிலோவைச் செலுத்தக்கூடும். பறக்கும் இடத்தில் எது உயரம் என்று பார்த்து அந்த எண்ணை மாற்ற ஒரு நிமிடம் போதும்.

ஆகவே அனுபவஸ்தர்கள் சொல்லும் வரிசை கொஞ்சம் அலுப்பானது. முதலில் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர். பிறகு ஜிபிஎஸ் உதவியில்லாமல், ஓர் ஆள் உயரத்தில், நாலு பேட்டரி தீரும்வரை முன்னும் பின்னும். டிரோனின் முகம் பறக்கவிடுபவரை நோக்கித் திரும்பியதும் இடது வலதாகிவிடுகிறது. கை இதற்குப் பழக நாளாகும். அதன் பிறகே ஆட்டோபைலட்டின் சாகசங்கள். கேமரா கடைசி.

ஆனால் ஆளைக் கவிழ்ப்பது அந்தக் கேமராதான். கண்ணாடியை மாட்டியதும் தானே பறப்பதுபோன்ற உணர்வு. மலிவான அனலாக் வீடியோவில், மொட்டைமாடி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி தூர்தர்ஷன் பார்த்த தலைமுறைக்குப் பழக்கமான அதே புள்ளிமழை. தூரம் போகப் போகப் படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவதால் திரும்பும் நேரம் தெரிந்துவிடும். ஆன்டெனா மாட்டாமல் வீடியோ டிரான்ஸ்மிட்டருக்கு மின்சாரம் கொடுத்தால் அது சூடேறிக் கருகும். இப்படி ஒன்றையாவது பலி கொடுக்காதவர்கள் குறைவு. பொழுதுபோக்கு டிரோன் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பறக்கவேண்டும் என்கின்றன விதிகள். கண்ணாடி மாட்டியவருக்குப் பக்கத்தில், வானத்தைப் பார்த்தபடி ஒரு துணையாள் நிற்பது நல்லது.

ரேடியோவிலும் எச்சரிக்கை வேண்டும். டிரோனிலிருந்து தகவல் அனுப்பும் 915 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் அமெரிக்கச் சந்தைக்கானவை. இங்கே அந்த அலைவரிசைப் பகுதி செல்போன் கம்பெனிகளுடையது. பேட்டரி தனி ரகம். ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது, 3.5-க்குக் கீழே இறங்கவும் விடக்கூடாது. உப்பிய பேட்டரியை இன்னொரு முறை சார்ஜ் செய்துபார்க்கலாம் என்ற சிக்கனம் வீட்டில் தீயை மூட்டும்.

எல்லாம் தயார் என்றால் எங்கே பறக்கவிடுவது? எச்.ஏ.எல்.லும் இஸ்ரோவும் தலைமையகம் வைத்திருக்கும் ஊர் பெங்களூர். அதனாலேயே அங்கு ஆகாயம் நெருக்கடி. கிழக்கே பழைய எச்.ஏ.எல். விமான நிலையம், வடக்கே ஜக்கூர், எலகங்கா விமானப்படைத் தளம், அதற்கும் அப்பால் தேவனஹள்ளி. இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கி.மீ. வரை அனுமதியின்றி எழும்ப முடியாது. 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடி, அதற்கு அப்பால் பச்சை மண்டலத்தில் 400 அடி. வரைபடத்தில் சிவப்பையும் மஞ்சளையும் கழித்துவிட்டால் நகரத்தில் மிஞ்சுவது சொற்பம்.

எனவே ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள், காற்று எழும் முன், வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு வெற்றிடம் தேடிப் போகவேண்டியிருக்கிறது. போக வர இரண்டு மணி நேரம். ஒரு பேட்டரி தாங்குவது பன்னிரண்டு நிமிடம். வேடிக்கை பார்க்கும் பையன்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, ஜிபிஎஸ் போதிய செயற்கைக்கோள்களைப் பிடிக்கும்வரை காத்திருந்து, மெல்ல விசையைத் தள்ளினால் தூசியைக் கிளப்பிக்கொண்டு முழங்கால் உயரம் எழும்புகிறது. அன்றைக்கு அது போதும். திரும்பும் வழியில் எஸ்.பி. ரோடு ஞாயிறன்று திறந்திருக்குமா என்று யோசிக்கவேண்டியிருக்கும், இறக்கும்போது ஒரு புரொப்பெல்லர் உடைந்திருந்தால்.