மூட்டை ஏற்றும் பெல்ட்: உருளை தாங்கும் பாரம் எவ்வளவு?

விருதுநகரானாலும் சேலம் லீ பஜாரானாலும் மதுரை கீழமாசி வீதியானாலும், மொத்த வியாபாரம் என்றால் மூட்டைதான். நூறு கிலோ மூட்டையைச் சுமந்த காலம் மலையேறி, இன்று அரிசி, பருப்பு பெரும்பாலும் 50 கிலோ, 25 கிலோவில் வருகின்றன. ஓர் ஆண் தொழிலாளி தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படக் கூடாதென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரை செய்தது. ஆனாலும் பதினெட்டு, இருபது அட்டி உயரத்துக்கு 50 கிலோவைத் தூக்கிப் போட ஆள் கிடைப்பது அரிதாகி வருகிறது. எனவே மூட்டை ஏற்றும் பெல்ட் இயந்திரம் வாங்கலாமா என்று வணிகப் பெருமக்கள் பலர் விசாரிக்கிறார்கள். நமது கிட்டங்கியில் ஒன்று வாங்கி, பட்டு, தெளிந்த கணக்கை இங்கே எழுதுகிறோம்.

நாம் வாங்கியது 24 அடி நீளம், 24 அங்குல அகல பெல்ட். நெல் ஆலைகளுக்கு கன்வேயர் செய்து பழகிய ஒரு பட்டறையில் செய்வித்தோம். மணிக்கு 600 மூட்டை ஏற வேண்டும் என்று சொன்னோம். அவர்கள் கணக்குப் போட்டே செய்தார்கள். அந்தக் காகிதம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. நான்காவது மாதமே கீழ்ப்பக்க உருளைகளில் மூன்றின் அச்சு வளைந்துவிட்டது. வளைந்த உருளை சுற்ற மறுத்தது, பெல்ட் ஒரு பக்கமாக ஓடியது, உச்சிக்குப் போன ஒரு துவரம்பருப்பு மூட்டை ஓரமாகச் சரிந்து கீழே நின்றவரின் பாதத்தில் விழுந்தது. வைத்தியச் செலவும் இருபது நாள் கூலியும் கொடுத்தோம். அவர் திரும்பி வந்துவிட்டார், என்றாலும் இன்றும் அந்த இயந்திரத்துக்குக் கீழே நிற்பதில்லை. அவரைக் குறை சொல்ல முடியுமா?

பட்டறைக்காரர் கணக்கு எங்கே தவறியது? மணிக்கு 600 மூட்டை என்றால் 30 டன். அதாவது நொடிக்கு 8.3 கிலோ. பெல்ட் நொடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது. ஆகவே ஒரு மீட்டர் பெல்ட்டின் மேல் சுமார் 16.7 கிலோ சரக்கு. பெல்ட்டின் சொந்த எடை மீட்டருக்கு 6 கிலோ. இரண்டும் 22.7 கிலோ. உருளைகள் 60 செ.மீ. இடைவெளியில் இருப்பதால் ஓர் உருளைக்கு 14 கிலோவுக்கும் குறைவு. இந்தப் பாரத்துக்கு 15 மி.மீ. அச்சே தாராளம் என்று போட்டுவிட்டார்கள்.

நெல்லோ கோதுமையோ உதிரியாக ஓடினால் இந்தக் கணக்கு முற்றிலும் சரி. சரக்கு பெல்ட் முழுவதும் சீராகப் பரவியிருக்கும். (அங்கே குழிவான பெல்ட்டுக்கு மூன்று உருளைகள் சேர்ந்த தொகுதி இருக்கும், அதில் நடு உருளையே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் சுமக்கிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும்.) ஆனால் மூட்டை பரவாது. இருந்தால் 50 கிலோ, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. சராசரி எடுத்தால் உருளையை ஏமாற்றுகிறோம்.

நிறைந்த மூட்டை படுத்தால் சுமார் 75 செ.மீ. நீளம். உருளைகள் 60 செ.மீ.க்கு ஒன்று இருந்தால், மூட்டையின் நடுப்பகுதி ஓர் உருளை மேல் வரும்போது இரு பக்கத்து உருளைகளும் மூட்டைக்கு எட்டாது. 50 கிலோவும் பெல்ட் எடை 3.6 கிலோவும் அந்த ஒரே உருளை மேல்தான். 14 அல்ல, 54 கிலோ. ஆகவே மூட்டையின் நீளத்தை மூன்றால் வகுத்து அதையே இடைவெளியாக வைக்க வேண்டும். நம் கணக்கில் 25 செ.மீ. அப்போது மூட்டை எங்கிருந்தாலும் அதன் கீழ் மூன்று உருளைகள் இருக்கும். அதற்காக மூன்றும் சமமாகத் தாங்கும் என்று எண்ணக் கூடாது. சாக்கு மூட்டைக்கு வயிறு உண்டு, வயிறு பட்ட உருளைக்கே பாரம் அதிகம். பாதி எடையை, அதாவது 25 கிலோவை, ஓர் உருளைக்கு வைப்பது பத்திரம். பெல்ட்டையும் சேர்த்தால் 26.5 கிலோ.

இதெல்லாம் மூட்டை அலுங்காமல் படுத்திருக்கும் கணக்கு. நமது லோடுமேன்கள் மூட்டையைத் தாலாட்டியா வைக்கிறார்கள்? தோளிலிருந்து அப்படியே பெல்ட் மேல் போடுகிறார்கள்.

உயரமே இல்லாமல், தொட்ட நிலையில் சட்டென்று விட்டாலே பாரம் இரு மடங்காகும் என்பது பொறியியல் பாடம். உயரத்திலிருந்து விழுந்தால் விழும் உயரத்தையும், பெல்ட்டும் சாக்கும் சேர்ந்து அமுங்கும் அளவையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். உயரத்தை இரண்டால் பெருக்கி, அமுங்கும் அளவால் வகுத்து, ஒன்று கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, மறுபடி ஒன்று கூட்ட வேண்டும். 30 செ.மீ. உயரம், 5 செ.மீ. அமுக்கம் என்றால் 4.6 மடங்கு. 50 கிலோ மூட்டை 230 கிலோவாக இறங்குகிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் 7.4 மடங்கு, 370 கிலோ. தோராயக் கணக்குதான், ஆனால் 14 கிலோ எங்கே, 370 கிலோ எங்கே! போதாக்குறைக்கு மூட்டை நடுவில் விழாமல் ஓரமாக விழுந்தால் பெரும்பகுதி உருளையின் ஒரே முனைக்குப் போகிறது. நமது மூன்று அச்சுகளும் ஒரே பக்கத்தில் வளைந்திருந்தது இதனால்தான்.

15 மி.மீ. அச்சை 20 ஆக்கினோம். தடிமன் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. வளையாமல் தாங்கும் வலு அதன் மும்மடிப்படி சுமார் 2.4 மடங்கு கூடிவிட்டது. அதற்கு 6204 எண் பேரிங் பொருந்துகிறது. மூட்டை வைக்கும் இடத்தில் பெல்ட் மட்டத்துக்கு ஒரு மரப்பலகை மேடை அடித்தோம். இப்போது மூட்டை மேடையில் விழுந்து, பிறகு பெல்ட்டுக்குத் தள்ளப்படுகிறது. உண்மையைச் சொன்னால் மொத்தச் செலவில் மிகக் குறைந்த இந்தப் பலகைதான் அதிக வேலை செய்தது.

இன்னொரு இடமும் உண்டு. சரிவாக ஏறும் பெல்ட் உச்சியில் சமதளமாக மடங்கும் இடம். அங்கே மூட்டையின் எடையோடு பெல்ட்டின் இழுவையும் உருளையைக் கீழே அழுத்தும். அவசரத்தில் ஆறு மூட்டையை அடுத்தடுத்து ஏற்றினால் 300 கிலோ. 20 டிகிரி சரிவில் அதில் மூன்றில் ஒரு பங்கு, 100 கிலோ, பெல்ட்டைக் கீழே இழுக்கும். உராய்வும் பெல்ட்டை இறுக்கிய இழுவையும் சேர்ந்தால் 200 கிலோ வரலாம். அந்த 20 டிகிரி திருப்பமும் ஒரே உருளை மேல் இருந்தால் அதன் மேல் கூடுதலாக 70 கிலோ. நான்கு உருளைகளில் பிரித்து ஐந்தைந்து டிகிரியாகத் திருப்பினால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 17 கிலோதான். பெல்ட் வழுக்குகிறது என்று பையன்கள் போல்ட்டை முறுக்கிக்கொண்டே போவார்கள். அந்த இழுவையும் முனை டிரம்களின் பேரிங்கில் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் சேர்ந்தே விழுகிறது. முதலில் டிரம்மில் ஒட்டிய மாவுத் தூசியைத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

திரும்பி வரும் அடிப்பக்க உருளைகளுக்கு பெல்ட் எடை மட்டுமே. 3 மீட்டருக்கு ஒன்று வைத்தாலும் 18 கிலோதான். அங்கே பணத்தைக் கொட்ட வேண்டாம்.

பேரிங்கைப் பொறுத்தவரை, பாரம் இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும் என்பது விதி. ஆனால் நம் கிட்டங்கிகளில் பேரிங் பாரத்தால் சாவதில்லை. சாக்கு நூலும் தூசியும் புகுந்து சாகிறது. நின்றுபோன உருளை மேல் பெல்ட் தேய்ந்து, உருளை கத்திபோல் கூராகி பெல்ட்டையே அறுக்கும். சூடேறினால் சணல் தூசியில் தீப்பிடிக்கவும் கூடும். வாரம் ஒரு முறை பெல்ட்டை ஓட்டிப் பார்த்து, சுற்றாத உருளை எது என்று சாக்பீஸால் குறித்துவிட வேண்டும். மாற்றுவது பெல்ட் நின்றபின், மெயின் சுவிட்சை அணைத்த பிறகு.

ஆர்டர் கொடுக்கும்போது மணிக்கு எத்தனை டன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு மூட்டையின் எடை, நீளம், விழும் உயரம், பெல்ட்டில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய மூட்டைகள் ஆகியவற்றையும் எழுதுங்கள். உருளைகள் ஐ.எஸ். 8598-ன்படியும், பெல்ட் வடிவமைப்பு ஐ.எஸ். 11592-ன்படியும் இருக்க வேண்டும் என்று சேர்த்து, உருளைக்கு உருளை பாரக் கணக்கைக் கையெழுத்திட்டுக் கேளுங்கள். நாம் இரண்டாவது இயந்திரத்துக்கு அப்படிக் கேட்டபோது ஒரு பட்டறை விலைப்பட்டியலே அனுப்பவில்லை. இன்னொரு பட்டறை நான்கு நாள் அவகாசம் கேட்டு, கணக்கோடு வந்தது. அவர்களிடமே முன்பணம் கொடுத்திருக்கிறோம்.