கன்றுக்குப் பால் விடுகிறோமா? பால்மாடு வளர்ப்போர் சொல்ல வேண்டிய பதில்

"கன்று குடிக்க வேண்டிய பாலைப் பறித்து விற்கிறீர்களே, இது பாவமில்லையா?" என்று வாடிக்கை வீட்டுப் பிள்ளை கேட்கிறது. "ஊசி போட்டுத்தானே கறக்கிறீர்கள்?" என்று வீட்டு அம்மாள் கேட்கிறார். பால் ஊற்றப் போனவர் என்ன சொல்வதென்று தெரியாமல் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி விடுகிறார். சிலர் கோபப்பட்டு வாடிக்கையையே இழந்து விடுகிறார்கள்.

ஒன்றிரண்டு கறவை மாடுகளை வைத்துக் குடும்பம் நடத்தும் சிறு விவசாயிக்கு இது சின்ன விஷயமல்ல. பாலுக்குக் கெட்ட பெயர் வந்தால் அடுப்பு எரிவதே கஷ்டமாகிவிடும். அதே நேரத்தில், கேட்கப்படும் கேள்விகள் எல்லாமே பொய் என்றும் சொல்லிவிட முடியாது. சில கேள்விகள் அறியாமையால் வருகின்றன. சில கேள்விகள் நியாயமானவை. எது எது என்று நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் தலைநிமிர்ந்து பதில் சொல்ல முடியும்.

கன்றின் பங்கு எவ்வளவு?

முதல் குற்றச்சாட்டு கன்றைப் பற்றியது. நாட்டு மாடு ஒரு காலத்தில் தன் கன்றுக்கு வேண்டிய அளவும் அதற்குச் சற்று மேலுமே கறந்தது. கலப்பின மாடு அப்படியல்ல. நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கும் மாட்டின் கன்று பிறக்கும்போது சுமார் 25 கிலோ எடை இருக்கும். கன்றுக்கு முதல் மாதத்தில் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் போதும். அதாவது இரண்டரை லிட்டர். இரண்டாம் மாதத்தில் பதினைந்தில் ஒரு பங்கும், மூன்றாம் மாதத்தில் இருபதில் ஒரு பங்கும் கொடுத்தால் சரியாக இருக்கும். கன்றின் எடை கூடிக்கொண்டே போவதால் அளவு ஏறக்குறைய அதே இரண்டரை லிட்டரில் நிற்கும். மீதி ஐந்தரை லிட்டரை நாம் விற்கலாம். கன்று அளவுக்கு மீறிக் குடித்தால் அதற்கே கழிச்சல் உண்டாகும்.

ஆகவே, கன்றின் பங்கைக் கன்றுக்குக் கொடுத்துவிட்டு மீதியை விற்பவர் யாருக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அந்த இரண்டரை லிட்டரை உண்மையாகவே கொடுக்கிறோமா? கன்றைச் சுரப்பு விடுவதற்கு மட்டும் காம்பில் விட்டு, உடனே இழுத்துக் கட்டிவிட்டுக் கடைசிச் சொட்டு வரை கறப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி சரியானதே.

இதில் நஷ்டமும் நமக்குத்தான். நன்கு பால் குடித்து வளர்ந்த கலப்பினக் கிடேரி 15 முதல் 18 மாதங்களில் சினை ஊசிக்குத் தயாராகும். வயிறு ஒட்டி வளர்ந்த கிடேரி மூன்று வயதாகியும் பருவத்துக்கு வராமல் தீனியைத் தின்றுகொண்டு நிற்கும். அன்று மிச்சம் பிடித்த பாலின் விலையைப் போலப் பல மடங்கைப் பின்னால் இழக்கிறோம்.

சீம்பாலில் செய்யும் தவறு

நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றுக்குச் சீம்பால் விட வேண்டும் என்ற பழக்கம் பல ஊர்களில் இன்னும் உள்ளது. இது தவறு. தாயின் வயிற்றில் இருக்கும்போது நோய் எதிர்ப்புச் சத்து கன்றுக்குப் போய்ச் சேருவதில்லை. அது சீம்பால் வழியாகத்தான் கிடைக்க வேண்டும். அந்தச் சத்தைக் கன்றின் குடல் முதல் சில மணி நேரத்தில் நன்றாக உறிஞ்சும். ஒரு நாள் கழிந்தால் உறிஞ்சும் சக்தியே நின்று விடும். எனவே கன்று பிறந்த அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கச் செய்ய வேண்டும். கன்று காம்பைச் சப்பினால் நஞ்சுக்கொடி விழுவதற்கும் அது உதவியாகும். கடும்பு காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது நல்ல வழக்கம்தான். கன்றின் வயிறு நிறைந்த பிறகு மிஞ்சுவதில் கொடுங்கள்.

ஊசி போட்டுக் கறக்கிறார்களா?

மாட்டின் மடியைக் கழுவித் துடைக்கும்போதும் கன்று முட்டிக் குடிக்கும்போதும் அந்த உணர்ச்சி மூளைக்குப் போகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசின் என்ற பொருளை இரத்தத்தில் விடுகிறது. அது மடிக்கு வந்து, பால் அறைகளைச் சுற்றியுள்ள தசைகளை இறுக்குகிறது. சுமார் ஒரு நிமிடத்தில் பால் இறங்கி விடுகிறது. இதைத்தான் நாம் சுரப்பு விடுதல் என்கிறோம். இதன் வேகம் ஐந்து முதல் எட்டு நிமிடம் வரையே நிற்கும். அதற்குள் கறந்து முடித்துவிட வேண்டும்.

மாட்டை அடித்தாலோ, அதட்டினாலோ, புது ஆளோ நாயோ பக்கத்தில் வந்தாலோ பயத்தில் வேறொரு சுரப்பு நீர் இரத்தத்தில் கலந்து இந்த வேலையைத் தடுத்து விடுகிறது. மாடு பாலை அடக்கிக்கொள்கிறது. ஆகையால் கொடுமைப்படுத்திப் பால் கறக்கிறார்கள் என்பவர்களுக்கு நம் பதில் இதுதான்: பயந்த மாடு பாலை விடாது. மாட்டிடம் அன்பாக இருப்பவனுக்கே மடி நிறையப் பால் கிடைக்கும்.

ஆனால் கன்று இறந்த மாட்டுக்கும், அவசரமாகக் கறந்து முடிக்கவும் ஆக்சிடோசின் ஊசி போடுபவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது. இந்த ஊசி ஒரு சொட்டுப் பாலைக்கூடப் புதிதாக உண்டாக்குவதில்லை. மடியில் ஏற்கெனவே உள்ள பாலை இறக்குகிறது, அவ்வளவே. நாள்தோறும் குத்தினால் மாடு அதற்குப் பழகி, ஊசியில்லாமல் சுரப்பு விடாது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, மாட்டின் உடல்நலத்துக்குக் கேடாக ஊசி போட்டோ வேறு முறையிலோ பாலை வருவிப்பதைக் குற்றம் என்கிறது. ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். மாடும் அரசுக்குப் போய்விடும். பிரசவ நேரத்திலோ நோயிலோ மருத்துவர் போடும் ஊசி வேறு. நாமே வாங்கிப் போடுவது வேறு.

இந்தப் பாலைக் குடித்தால் பெண் குழந்தைகள் சீக்கிரம் பெரியவளாகி விடுவார்கள் என்ற அச்சமும் பரவியுள்ளது. ஆக்சிடோசின் பருவமடையச் செய்யும் சுரப்பு நீர் அல்ல. புரதத்தைப் போன்ற பொருளாதலால் வயிற்றுக்குள் போனால் மற்ற புரதங்களைப் போலச் செரித்து விடும். இந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் அதைச் சொல்லும் உரிமை, தன் தொழுவத்தில் அந்த ஊசி இல்லாதவருக்கே உண்டு.

கன்று இறந்த மாட்டுக்கு என்ன செய்வது? மடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, மெதுவாகத் தடவிக் கொடுங்கள். கறக்கும் நேரத்தில் சிறிது அடர்தீவனம் வையுங்கள். ஒரே ஆள், ஒரே நேரத்தில் கறக்க வேண்டும். சில நாட்கள் பொறுத்தால் பெரும்பாலான மாடுகள் பழகி விடும்.

தடுப்பூசியும் காது வில்லையும்

வாடிக்கையாளர்கள் பார்க்கும் ஊசிகளில் பல, தடுப்பூசிகளே. கோமாரி நோய்க்கு ஆண்டில் இரண்டு முறை போடுகிறோம். கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாத வயதில் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி ஒரு முறை போடப்படுகிறது. இவை மாட்டைக் காப்பதற்கானவை. காதிலுள்ள மஞ்சள் வில்லையும் அப்படியே. அதிலுள்ள 12 இலக்க எண் அந்த மாட்டின் அடையாளம். தடுப்பூசிக் கணக்குக்கும் காப்பீட்டுக்கும் அது வேண்டும்.

சினை ஊசி வற்புறுத்தலா?

செயற்கை முறைக் கருவூட்டலைக் கொடுமை என்போரும் உண்டு. பசு சுமார் 21 நாளுக்கு ஒரு முறை தானாகப் பருவத்துக்கு வருகிறது. கத்துகிறது, மற்ற மாட்டின் மேல் தாவுகிறது, கண்ணாடி போன்ற திரவம் வழிகிறது. அந்த நேரத்தில் போட்டால்தான் சினை பிடிக்கும். காலையில் பருவம் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் போடுவது முறை. காளையால் ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குத் தொற்றும் நோய்களும், கனத்த காளையால் சிறிய கிடேரிக்கு ஏற்படும் அடியும் இதில் இல்லை.

நம் கவனமும் தேவை. சிறிய கிடேரிக்குப் பெரிய இனத்தின் விந்தைப் போட்டுவிட்டு, கன்று ஈனும்போது இழுத்துத் துன்பப்படுத்துவது கொடுமையே. நம் சமவெளிப் பகுதிக்கு ஜெர்சி கலப்பே பொருத்தம். கன்று ஈனுவதற்கு 60 நாள் முன்பே கறவையை நிறுத்தி மாட்டுக்கு ஓய்வு கொடுங்கள்.

பதில் சொல்லக் கடினமான கேள்விகள்

காளைக் கன்று என்ன ஆகிறது? பால் வற்றிய கிழ மாடு எங்கே போகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் சுலபமான பதில் இல்லை. உழவும் வண்டியும் குறைந்துவிட்ட இந்நாளில் கலப்பினக் காளைக் கன்றுக்கு வேலையில்லை. அதனால் பல தொழுவங்களில் அதற்குப் பால் விடாமல் சாக விடுகிறார்கள். இதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. இப்போது பாலினம் பிரித்த விந்து கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தினால் பிறக்கும் கன்றுகளில் பத்துக்கு ஒன்பது கிடேரியாக இருக்கும். கால்நடை மருந்தகத்தில் விசாரித்துக் கொள்ளுங்கள். அப்படியும் காளைக் கன்று பிறந்தால் அதற்கும் சீம்பாலும் பாலும் கொடுத்துத் தேற்றி, தீனி தின்னும் வயதில் விற்பதே முறை.

கிழ மாட்டைப் பற்றிக் கேட்பவரிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லலாம். அவர் ஒரு லிட்டருக்குக் கொடுக்கும் விலையில் தீனிச் செலவு இருக்கிறது, நம் கூலி கொஞ்சம் இருக்கிறது. மாட்டின் முதுமைக் காலத்துக்கான பணம் அதில் இல்லை. இரண்டு மாடு வைத்திருப்பவரால் கறக்காத மாட்டை ஆண்டுக்கணக்கில் தீனி போட்டுக் காப்பாற்ற முடிவதில்லை. பாலைக் குடிப்பவருக்கும் இந்தப் பொறுப்பில் பங்கு உண்டு. இதைச் சண்டைக்காகச் சொல்ல வேண்டாம். யோசித்துப் பார்க்கட்டும் என்று சொல்லுங்கள்.

விற்கும் மாட்டை எப்படி அனுப்புகிறோம் என்பது முழுக்க நம் கையில் உள்ளது. 1978-ஆம் ஆண்டின் விதிகளின்படி, லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. மருத்துவரின் சான்று வேண்டும். கூட ஓர் ஆள் போக வேண்டும். நடக்க முடியாத மாட்டை வாலை முறுக்கி ஏற்றும் வியாபாரியிடம் மாட்டை ஒப்படைக்காதீர்கள். வாலில் உள்ளவை எலும்புகள். முறுக்கினால் முறியும்.

தொழுவத்தைத் திறந்து காட்டுங்கள்

சந்தேகப்படும் வாடிக்கையாளரை ஒரு நாள் கறக்கும் நேரத்தில் வரச் சொல்லுங்கள். கன்று குடிப்பதையும், மடி கழுவிக் கறப்பதையும் அவர் கண்ணால் பார்க்கட்டும். நூறு பேச்சு செய்யாததை அந்தக் கால் மணி நேரம் செய்யும். அவரை அழைப்பதற்கு முன் கீழ்க்கண்டவற்றைச் சரிபார்த்துக் கொள்ளுங்கள்:

1. கயிறு, மாடு சுகமாகப் படுத்து எழும் நீளத்துக்கு இருக்க வேண்டும். நாளில் சிறிது நேரமாவது அவிழ்த்து விடுங்கள்.

2. மூக்கணாங்கயிறு புண் செய்கிறதா என்று பாருங்கள். சாதுவான கறவைப் பசுவுக்குத் தலைக்கயிறே போதும்.

3. கொட்டகையில் மாடு ஒன்றுக்கு மூன்றரை சதுர மீட்டர் இடம் வேண்டும். தரை வழுக்கக் கூடாது, ஈரம் நிற்கக் கூடாது.

4. கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டர் தண்ணீர் வேண்டும். கோடையில் இதற்கு மேலும் தேவைப்படும். தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.

5. நோய்க்குச் சூடு போடாதீர்கள். கொம்பு சுடுவதும் காயடிப்பதும் மருத்துவரிடம், மரத்துப் போகும் ஊசி போட்ட பிறகே நடக்க வேண்டும்.

6. மாட்டுக்கு மருந்து கொடுத்தால், மருத்துவர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலை விற்காதீர்கள்.

7. கன்று பிறந்த நாள், தடுப்பூசி, குடற்புழு மருந்து, சினை ஊசி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இவற்றில் எதற்கும் பெரிய பணம் செலவாகாது. இத்தனையும் செய்தவர், கன்றைப் பற்றிக் கேட்கும் பிள்ளையிடம், "எங்கள் கன்று வயிறு நிறையக் குடிக்கிறது. நாளைக் காலை ஆறு மணிக்கு வந்து பார்" என்று சொல்லலாம்.