பாவ் பாஜி கடையில் பிறந்த சீத்தாப்பழ ஐஸ்க்ரீம்... பழ வியாபாரி மகனின் 'நேச்சுரல்ஸ்' கதை!

சீத்தாப்பழத்தை ரசித்துச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வருத்தம் எப்போதும் உண்டு. சதையைவிட கொட்டைதான் அதிகம். ஒரு சுளையை வாயில் போட்டு, நாக்கால் உருட்டி, கொட்டையைத் துப்பிவிட்டு அடுத்த சுளைக்குப் போவதற்குள் பொறுமை போய்விடும். மிக்ஸியில் அடித்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. தலையில் பேன் ஒழிய அரைத்துத் தடவுகிற கொட்டை அது. உடைந்து பழத்தோடு கலந்தால் வயிற்றுக்கு ஆகாது. கொட்டை இல்லாமல் ஒரு கிண்ணம் சீத்தாப்பழ விழுது வேண்டுமென்றால், வீட்டில் ஒரு பாட்டி மனது வைத்தால்தான் உண்டு.

அந்தப் பாட்டி வேலையை 40 ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறது மும்பையில் ஒரு குடும்பம். சென்னையில் நேச்சுரல்ஸ் என்றால் பியூட்டி பார்லர்தான் ஞாபகத்துக்கு வரும். மும்பைக்காரரிடம் அதே பெயரைச் சொன்னால், சீத்தாப்பழ ஐஸ்க்ரீம், இளநீர் ஐஸ்க்ரீம் என்று பேச ஆரம்பித்துவிடுவார். அந்தக் கடையைத் தொடங்கிய ரகுநந்தன் காமத், 2024 மே 17 அன்று தன் 70-வது வயதில் காலமானார். அப்போது அந்தப் பெயரில் நாடு முழுக்க 165-க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன.

அந்த எண்ணிக்கையைவிட சுவாரஸ்யமானது, அவர் கையில் இருந்த ஒரு வித்தை. பழத்தைத் தொட்டுப் பார்த்தே அதன் பக்குவத்தைச் சொல்லிவிடுவார். இந்த மாதிரி வித்தையெல்லாம் கற்றவரோடு போய்விடும் என்பார்கள். அதை எப்படி 165 கடைகளுக்குப் பங்கு போட்டார் என்பதுதான் இந்தக் கதை.

கூடை தூக்கிய கடைக்குட்டி

கர்நாடகத்தின் தட்சிண கன்னடப் பகுதி காமத்தின் பூர்வீகம். மாம்பழம், பலாப்பழம், தேங்காய் என்று எதற்கும் குறைவில்லாத ஊர்ப்பக்கம். அப்பா பழ வியாபாரி. வருமானம் சொற்பம், பிள்ளைகளோ ஏழு பேர். கடைசிப் பிள்ளை ரகுநந்தன். அப்பாவுக்கு உதவியாகப் போன சிறுவனுக்கு, எந்தப் பழம் இன்று விற்கும், எது நாளைக்குத் தாங்கும், எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் பாடப்புத்தகத்துக்கு முன்பே பழகிவிட்டது.

60-களின் கடைசியில், பதினான்கு பதினைந்து வயதில், மும்பைக்கு வண்டி ஏறினார். அங்கே ஜுஹுவில் அண்ணன் நடத்திய 'கோகுல்' உணவகத்தில் வேலை. இட்லி, தோசையோடு அங்கே ஐஸ்க்ரீமும் உண்டு. வழக்கமான வெனிலா, சாக்லேட் வகையறாக்கள்தான்.

அங்கேதான் அவருக்கு அந்தக் கேள்வி வந்தது. ஐஸ்க்ரீமில் பழத்தின் வாசனை இருக்கிறது, பழம் ஏன் இல்லை? வாழைப்பழ ஐஸ்க்ரீம் என்று விற்பதில் பெரும்பாலும் எசென்ஸ்தான் இருக்கும். ஐசோஅமைல் அசிடேட் என்ற ரசாயனம் இரண்டு சொட்டு விட்டால் போதும், மூக்கு ஏமாந்துவிடும். பழத்தைத் தொட்டு வளர்ந்த கைக்கு அது ஒப்பவில்லை. ஆனால், கடை அண்ணனுடையது. முடிவெடுக்கும் இடத்தில் தம்பி இல்லை.

80-களின் தொடக்கத்தில் சகோதரர்களுக்குள் பாகப்பிரிவினை நடந்தது. தன் பங்காகக் கிடைத்த சில லட்சங்களை வைத்துக்கொண்டு, காமத் தனிக்கடை போட முடிவெடுத்தார்.

காரம் சாப்பிட்டால் ஐஸ்க்ரீம் கேட்பார்கள்

1984 பிப்ரவரி 14. காதலர் தினத்தையெல்லாம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத காலம். ஜுஹு கோலிவாடாவில், சுமார் 200 சதுர அடியில் காமத்தின் கடை திறந்தது. கையில் எண்ணிவிடக்கூடிய ஆட்கள், பத்துப் பன்னிரண்டு வகை ஐஸ்க்ரீம்.

கடையில் முதல் மரியாதை மட்டும் ஐஸ்க்ரீமுக்கு இல்லை, பாவ் பாஜிக்கு! ஐஸ்க்ரீம் சாப்பிடுவதற்காக மட்டுமே குடும்பத்தோடு கிளம்பி வருகிற பழக்கம் அன்று பரவலாக இல்லை. பெரிய ஹோட்டலில் சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டு வாங்குகிற ஆடம்பரம் அது. அதை மட்டும் நம்பிக் கடை திறந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்று காமத்துக்குத் தெரிந்திருந்தது. அதனால் சூடாக, காரமாக பாவ் பாஜி போட்டார். வாய் எரிகிறவர்கள் குளிர்ச்சியாக ஏதாவது கேட்பார்கள் அல்லவா? அப்போது சீத்தாப்பழமோ மாம்பழமோ ஒரு கப் நீட்டப்பட்டது.

கணக்கு பலித்தது. கொஞ்ச நாளில் பாவ் பாஜியைத் தாண்டி நேராக ஐஸ்க்ரீமுக்கே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு வருடத்துக்குள்ளாகவே பாவ் பாஜி தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஐஸ்க்ரீம் மட்டும் என்று மாறினார். நன்றாக விற்கிற பண்டத்தை நிறுத்துவது சாதாரணத் துணிச்சல் இல்லை. மாலை நேரக் கூட்டம் முழுவதும் பாவ் பாஜிக்குப் பின்னால் அலைகிற ஊர் மும்பை என்பதையும் சேர்த்து யோசித்தால்தான் அது புரியும்.

இடமும் கைகொடுத்தது. சினிமாக்காரர்களும் வசதியானவர்களும் வசிக்கிற ஜுஹு ஸ்கீம் பக்கத்திலேயே இருந்தது. வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து, எந்தப் பழம் பிடிக்கும், எது சரியில்லை என்று கேட்டுக்கொள்வது காமத்தின் வழக்கம். விளம்பரத்துக்கு என்று பெரிதாகச் செலவு செய்யவில்லை. ஆனால், 80-களில் ஒரு விளம்பரம் தானாகவே தேடி வந்தது. சுனில் கவாஸ்கரின் டி.வி நிகழ்ச்சியில் பேசிய வெஸ்ட் இண்டீஸ் வீரர் விவியன் ரிச்சர்ட்ஸ், மும்பையில் தான் சாப்பிட்ட இந்தப் பழ ஐஸ்க்ரீமைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார். பந்துவீச்சாளர்களை அலறவைத்தவர் சப்போட்டாவையும் சீத்தாப்பழத்தையும் புகழ்ந்தால், கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்!

பழம் போட்டால் என்ன கஷ்டம்?

பால், சர்க்கரை, பழம். இவ்வளவுதான் சமாசாரம் என்றால் எல்லோரும் செய்துவிடலாமே என்று தோன்றும். சிக்கலே பழத்தில்தான் இருக்கிறது.

பழத்தின் பெரும்பகுதி தண்ணீர். உறையவைத்தால் அந்தத் தண்ணீர் பனித்துகள்களாகி நாக்கில் நறநறக்கும். போதாக்குறைக்கு, எந்த இரண்டு பழத்திலும் இனிப்பு ஒன்றுபோல் இருக்காது. போன வாரப் பழத்துக்குச் சரியாக இருந்த சர்க்கரை அளவு இந்த வாரப் பழத்துக்குத் திகட்டும். எசென்ஸ் பாட்டிலுக்கு இந்தப் பிரச்னை எதுவும் கிடையாது. ஜனவரியிலும் ஜூலையிலும் ஒரே மாதிரிதான் மணக்கும்.

சீத்தாப்பழத்துக்கு இன்னும் தனிப் பிடிவாதம் உண்டு. சதையைப் பிரித்துக் காற்றில் வைத்தால் சீக்கிரமே நிறம் கறுக்கும். கெடாமல் இருக்கட்டும் என்று சூடுபடுத்தினால் கசக்கும். ஆகவே, நல்ல கனிந்த பழமாகப் பொறுக்கி, வேகமாகச் சதையை எடுத்து, உடனே குளிரில் போட்டாக வேண்டும். இளநீர் ஐஸ்க்ரீமுக்கு வேறு பாடு. வழுக்கை பதமாக இருக்க வேண்டும். ரொம்ப இளசு என்றால் தண்ணீராகக் கரைந்துவிடும், கொஞ்சம் முற்றினால் தேங்காய்ச் சில்லாகப் பல்லில் படும். தேங்காய் உரிக்கிறவருக்கு வெளியே தட்டிப் பார்த்தாலே தெரிகிற விஷயம்தான். ஆனால், அதை எப்படி ஒரு தொழிற்சாலைக்குச் சொல்லிக் கொடுப்பது?

ஒரு கடை இருந்தவரை காமத்தின் கையும் கண்ணும் போதும். கடைகள் பெருகத் தொடங்கியதும் அது போதவில்லை. பழத்தைக் கொட்டை நீக்கிச் சதை எடுக்க ஏற்ற இயந்திரம் சந்தையில் கிடைக்கவில்லை. வெளிநாட்டு ஐஸ்க்ரீம் இயந்திரம் செய்கிறவர்களுக்கு சீத்தாப்பழமும் பலாச்சுளையும் எங்கே தெரியப்போகிறது? அதனால், தேவையான இயந்திரங்களைத் தானே யோசித்துச் செய்துகொண்டார். கையால் எப்படிச் செய்வார்களோ, அதையே இயந்திரமும் செய்யும்படி பார்த்துக்கொண்டார். இந்தக் கதையில் திருப்பம் என்று ஒன்றைச் சொல்லவேண்டும் என்றால், கிரிக்கெட் வீரரின் பாராட்டைவிட இதைத்தான் சொல்லவேண்டும்.

ஐஸ்க்ரீம் தயாரிப்பை மட்டும் அவர் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கவில்லை. கடையைப் பிறர் நடத்த அனுமதி கொடுத்தார். ஐஸ்க்ரீமோ மும்பை காந்திவலி தொழிற்சாலையில் தயாராகி ஊர் ஊராகப் போனது. தெருமுனைப் பெட்டிக்கடை ஃபிரிட்ஜில் வைத்து விற்கிற வழிக்கும் அவர் போகவில்லை. இந்த ஐஸ்க்ரீமை இந்தக் கடைகள் வழியாகவே விற்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

காற்றுக்கும் காசா?

ஐஸ்க்ரீம் டப்பாவை இனி வாங்கும்போது, நீங்கள் ஒரு நிமிடம் அதைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் மில்லி லிட்டர் கணக்கில்தான் அளவு போட்டிருக்கும். ஐஸ்க்ரீமைக் கடையும்போது உள்ளே காற்று சேரும். காற்றே இல்லையென்றால் கல்லுமாதிரி ஆகிவிடும், கரண்டி இறங்காது. ஆனால், காற்றை ஏற்ற ஏற்ற அளவு பெருகும், செலவு ஏறாது. ஒரு லிட்டர் ஐஸ்க்ரீம் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது, லிட்டர் டப்பாவில் கிட்டத்தட்ட பாதி காற்றாக இருந்தாலும் சட்டப்படி அதில் தப்பில்லை!

நேச்சுரல்ஸ் கடையில் வீட்டுக்கு வாங்கிப்போகிற பொட்டலங்கள் கிராம் கணக்கு. பழக்கடைத் தராசு இன்னும் அந்தக் குடும்பத்தை விட்டுப் போகவில்லை போலும்.

டப்பாவில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, 'ஐஸ்க்ரீம்' என்று போட்டிருக்கிறதா, 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று போட்டிருக்கிறதா என்பது. சாதாரண ஐஸ்க்ரீம் என்றால் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவிகிதம் இருக்க வேண்டும். தாவர எண்ணெய்க் கொழுப்பில் செய்தது ஃப்ரோசன் டெசர்ட். இரண்டும் சட்டப்படி விற்கக்கூடியவைதான். ஆனால், பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரிப் படம் போட்டு இருக்கும்போது, சின்ன எழுத்தை யாரும் படிப்பதில்லை.

15 நாள் ஆயுள்

கெடாமல் இருக்க ரசாயனம் எதையும் சேர்ப்பதில்லை என்ற முடிவுக்கு விலை உண்டு. நேச்சுரல்ஸ் ஐஸ்க்ரீமின் ஆயுள் சுமார் 15 நாள். இன்று செய்ததை இந்த இரண்டு வாரத்துக்குள் விற்றாக வேண்டும்.

2020 மார்ச்சில், நாடு முழுக்க ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது அந்த விலை வட்டியோடு வந்து நின்றது. கோடை தொடங்கும் நேரம். ஐஸ்க்ரீம் கடைக்காரர்கள் வருடத்தின் பெரும் வியாபாரத்துக்குத் தயாராகிற மாதம். தொழிற்சாலையில் பல்லாயிரம் பெட்டிகள் தயாராக இருந்தன. கடைகள் மூடிக்கிடந்தன. ஆறு மாதம் தாங்குகிற சரக்கு என்றால் குளிரில் வைத்துக் காத்திருக்கலாம். இதற்கு அந்த வழி இல்லை. அத்தனையும் வீணாவதற்குள், தன்னார்வலர்கள் மூலமாக டன் கணக்கில் ஐஸ்க்ரீம் மும்பையில் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. அந்த மாதத்தில் வேலையும் வருமானமும் இல்லாமல் இருந்த எத்தனையோ வீட்டுக் குழந்தைகளின் கைக்கு, யாரும் எதிர்பாராமல் ஒரு பழ ஐஸ்க்ரீம் வந்து சேர்ந்தது.

பெரிய நஷ்டம்தான். ஆனாலும், ஆயுளை நீட்டிக்க எதையாவது சேர்த்துவிடலாம் என்று அந்தக் குடும்பம் இறங்கிவரவில்லை.

அடுத்த தலைமுறை

குடும்பத் தொழில்களில் அப்பா தொடங்குவார், பிள்ளை நடத்துவார், பேரன் விற்றுவிடுவார் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. காமத்தின் மகன்கள் சித்தாந்த், ஸ்ரீநிவாஸ் இருவரும் அப்பா இருக்கும்போதே தொழிலுக்குள் வந்துவிட்டார்கள். அப்பா பழத்தைப் பார்த்துக்கொள்ள, நிர்வாகத்தையும் புதுச் சுவைகளையும் பிள்ளைகள் பார்த்துக்கொள்வது என்று பல ஆண்டுகள் சேர்ந்தே ஓடியது. கடை திறந்து 40 வருடம் நிறைந்து, மூன்று மாதத்தில் அப்பா இல்லை.

இனிமேல்தான் பரீட்சை. ஊருக்கு ஊர் கடை திறக்கத் திறக்க, எல்லாப் பழமும் எல்லா மாதமும் வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். எசென்ஸ் பக்கம் ஒரு சின்ன எட்டு வைத்தால் வேலை எவ்வளவோ சுலபம். நாக்குக்கு உடனே தெரியக்கூடத் தெரியாது. சமாளிக்க வேண்டிய அந்த ஆசை பழ வியாபாரி மகனுக்கு இருந்ததைவிட, அவர் மகன்களுக்குப் பல மடங்கு அதிகம்.

காமத் காலமானது மே மாத நடுவில். கொங்கண் கரையில் அல்போன்சா மாம்பழம் முடிகிற நேரம். வருகிற வருடங்களிலும் மாம்பழம் போனதும் நாவல்பழம் வரும். மழை பிடித்து ஆகஸ்ட் வாக்கில், கொட்டை நிறைந்த அந்தச் சீத்தாப்பழம் கூடை கூடையாக மும்பைச் சந்தையில் வந்து இறங்கும். எது இன்றைக்கு ஆகும், எது நாளைக்குத் தாங்கும் என்று பார்த்துப் பொறுக்க, அங்கே ஒருவர் நின்றாக வேண்டும்.