உறையைப் பார்த்தால் துப்பாக்கி தெரியும்

பரணிலிருந்து இறக்கிய பழைய டிரங்குப் பெட்டிக்குள் தோல் உறையோடு ஒரு கைத்துப்பாக்கி கிடைத்தால், வேலூர்க்காரர் மனம் நேராக 1806 ஜூலை 10க்குத்தான் போகும். வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் அன்று கலகத்தில் எழுந்ததற்குத் தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையும் ஒரு காரணம் என்பதால், தோல் ஊருக்கும் அந்தக் கலகத்துக்கும் முடிச்சுப் போடுவது சுலபம். ஆனால் சிப்பாய்கள் ஏந்தியவை நீளத் துப்பாக்கிகள். கைத்துப்பாக்கி குதிரைப்படைக்காரரிடமும் அதிகாரிகளிடமும் இருந்த பொருள். அதுவும் சிக்கிமுக்கிக் கல்லின் பொறியில் சுடுவது. அடித்தால் வெடிக்கும் மருந்துக்கு ஃபோர்சைத் என்பவர் காப்புரிமை பெற்றதே 1807இல்தான். கல்லைக் கவ்வும் தாடை இல்லாமல், அந்த மருந்து வைத்த கேப்பை அடிக்கும் சுத்தியல் மட்டும் இருந்தால், பின்னால் மாற்றியமைத்தது அல்ல என்றால், கலகக் கதை அங்கேயே விழுந்துவிடுகிறது.

அது நிஜத் துப்பாக்கியா, பொம்மையா என்பது அடுத்த கேள்வி. பலரும் காந்தத்தைத்தான் முதலில் தேடுவார்கள். காந்தத்தை நம்ப முடியாது: துத்தநாகக் கலவை பொம்மையில் அது ஒட்டாது, நிஜமான பித்தளைக் குழலிலும் ஒட்டாது, பழைய வார்ப்பிரும்புப் பொம்மையிலோ நன்றாக ஒட்டும். அதைவிட, இந்த ஊர்க்காரர் கைக்குப் பழகிய சோதனை ஒன்று இருக்கிறது. உறையின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். ஆவாரம் பட்டையில் ஊறிப் பதமான தோல் உள்ளே வரை பழுப்பாக இருக்கும்; துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் அந்த இடம் கறுத்துவிடும். குரோம் தோலின் நடுவில் பெரும்பாலும் நீலச் சாம்பல் தெரியும். டேனரியில் 'வெட் புளூ' என்ற நீல ஈரத்தோலைப் பார்த்த கண்ணுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குரோம் பதனீட்டுக்கு ஷுல்ட்ஸ் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1884இல்; சென்னை மாகாணத்துக்கு அது சாட்டர்டன் என்பவரின் முயற்சியால் வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நீல விளிம்பு உள்ள உறை 1806ஐப் பார்த்திருக்கவே முடியாது.

“துப்பாக்கி பழசு, உறைதான் பிறகு தைத்தது” என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். நியாயமான பேச்சு, உறை உறையின் வயதைத்தான் சொல்லும். பட்டைத் தோல் இன்றும் கிடைப்பதால், பழுப்பு விளிம்பும் பழமைக்குச் சாட்சி ஆகாது. அப்போது இரும்புக்கே திரும்ப வேண்டும். பிளஸ் தலை ஸ்க்ரூ 1930களில் பரவியது. ஆனால் ரிப்பேரில் மாற்றியது என்று அதற்கும் பதில் வரும். மாற்ற முடியாதது குழலின் நீளத்துக்கு ஓடும் வார்ப்புக் கோடு. இரண்டு பாதிகளை வார்த்துச் சேர்த்த குழல் நிஜ மருந்தின் அழுத்தத்தைத் தாங்காது. குழல்வாயும் அரை அங்குலத்தில் அடைபட்டிருந்தால் பெரும்பாலும் பொம்மைதான். சுத்தியலின் மூக்கில் படிந்த கறுப்பு ஏதோ ஒரு தீபாவளியின் சுருள் கேப் புகையாக இருக்கும்.

கோடு இல்லாமல், குழல் அடிவரை திறந்து, பக்கவாட்டில் மருந்துத் துளையும் இருந்தால் விசையைத் தொட வேண்டாம். பழைய குழலுக்குள் மருந்து தங்கியிருக்கலாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 45ஆம் பிரிவில் பழம்பொருள் துப்பாக்கிக்கு விலக்கு தருகிறது, ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருந்தால் மட்டும். அதை வீட்டுப் பெரியவர் தீர்மானிக்க முடியாது. பொருளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டும். பொம்மை என்றாலும் அதைச் சுடும்படி மாற்ற உரிமம் வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு.